கொன்றவன் பெயர் மட்டும் போதுமா?

எடின்பரோவில் இரவு நேரத்தில் நடத்துகிற ‘பேய் பப் உலா’வை நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது.

ஸ்காட்லாந்தின் தலைநகரம் அது. அதன் பழைய நகரமும் புதிய நகரமும் 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கிப் போகும் ராயல் மைலில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் முந்நூறு நானூறு வருடத்துச் சேதி ஒன்று கிடைக்கும். அந்த ஊரில் காசு கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வரலாறு கேட்க வந்து நிற்கிறவர்களிடம் கொலைகாரன் பெயரையும் கொடுமைக்காரன் பெயரையும் மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். செத்துப்போனவர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பிழைப்பு கிடையாது. இருட்டில் நம்மைத் திடுக்கிட வைப்பதற்கு மட்டும் அவர்கள் வேண்டும். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணன் மகள் அங்கே படிக்கிறாள். “உங்களுக்குத்தான் சரித்திரம்னா உயிராச்சே அத்தை, ஒரு தடவை போய்ப் பார்த்துடலாம்” என்று அவள்தான் டிக்கெட் எடுத்தாள். வரலாறு, மர்மம், பேய், பழைய பப்புகள் என்று விளம்பரத்தில் போட்டிருந்த வரிசையில் வரலாறுதான் முதலில் இருந்தது. நானும் நம்பிக்கையோடுதான் கிளம்பினேன்.

முப்பது பேருக்கு மேல் கூட்டம். கறுப்பு அங்கி போட்டு, கையில் லாந்தர் பிடித்த ஓர் இளைஞர் கைடு. மைக் இல்லை. முன்வரிசையில் நின்ற பத்துப் பேருக்குத்தான் அவர் பேசியது விளங்கியது. வெளியே இந்தக் கதி என்றால் பப்புக்குள் கேட்கவே வேண்டாம். வாரக் கடைசி இரவு. டிவியில் கால்பந்து ஓடுகிறது. ஒரு மூலையில் கல்யாணப் பெண்ணுக்குத் தோழிகள் கொடுக்கும் விருந்தின் கூச்சல். கவுன்ட்டரில் வரிசை நின்று கிளாஸை வாங்கி, நாலு வாய் குடிப்பதற்குள் அடுத்த இடத்துக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் கைடு தொண்டை கிழியக் கத்திச் சொன்னது, இந்த மேஜையில்தான் ஒரு பேய் உட்காரும் என்பது மட்டும். எந்தக் காலத்து ஆள், என்ன வேலை பார்த்தார், எதனால் செத்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது பப்பைத் தாண்டியபோது கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

குடிக்கிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பப்பை வைத்து வரலாறு சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை. எடின்பரோவைப் பொறுத்தவரை அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பழைய நகரம் ஒரு மலைமுகட்டின் மேல், மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த ஊர். அகலத்தில் வளர இடமில்லாததால் உயரத்தில் வளர்ந்தது. பத்து மாடிக்கும் மேல் போன கட்டடங்கள் அங்கே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளிலேயே இருந்தன. ஒரே மாடிப்படியை நீதிபதியும் பயன்படுத்தினார், செருப்பு வேலை, தையல் வேலை பார்ப்பவரும் பயன்படுத்தினார். வசதியானவர் நடு மாடியில், ஏழை நிலவறையிலோ மேல்மாடத்திலோ. தண்ணீரைப் பொதுக் கிணற்றிலிருந்து ஆள் சுமந்துதான் மேலே ஏற்ற வேண்டும். வீட்டுக்குள் ஒருவரை உட்கார வைத்துப் பேச இடம் கிடையாது. அதனால் வக்கீல் கட்சிக்காரரைப் பார்த்ததும், வைத்தியர் நோயாளியிடம் விசாரித்ததும், வியாபாரிகள் பேரம் முடித்ததும் மதுச்சாலைகளில்தான். ஊரின் ஆபீஸே அதுதான். 1767-இல் ஜேம்ஸ் கிரெய்க் போட்ட திட்டப்படி புதிய நகரம் எழுந்த பிறகு வசதியுள்ளவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பழைய நகரம் ஏழைகளின் நெரிசலுக்கு விடப்பட்டது. பிற்பாடு அங்கே நடந்த கொலைகளுக்கும் பிணக்கடத்தலுக்கும் பின்னணி இந்த இடமாற்றம்தான். இதை ஒரு பப்பின் உள்ளே நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லவில்லையே!

டீக்கன் பிராடியின் கதையை மட்டும் எல்லாக் கைடுகளும் விடாமல் சொல்கிறார்கள். பகலில் மதிப்புமிக்க தச்சர் சங்கத் தலைவர், இரவில் வீடு புகுந்து திருடுபவர். 1788 அக்டோபர் 1-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய ஜெக்கில்–ஹைடு கதைக்கு அவர் வாழ்க்கையும் ஒரு தூண்டுதல். நல்ல கதைதான், சொல்லட்டும். ஆனால் அவர் தானே வடிவமைத்த தூக்குமரத்தில் தொங்கினார் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. அதே பிராடி உறுப்பினராக இருந்த ‘கேப் கிளப்’ என்ற மதுச்சாலைக் கூட்டத்தில் ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞரும் இருந்தார். அந்தச் சந்துகளின் வாசனையையும் சத்தத்தையும் ஸ்காட்ஸ் மொழியில் பாடிய பையன். மனநோய் கண்டு, ஊரின் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்டு, 1774-இல் 24 வயதில் செத்துப்போனார். கேனன்கேட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கல்கூட இல்லாததைப் பார்த்து, தன் செலவில் கல் வைத்தவர் ராபர்ட் பர்ன்ஸ். திருடனும் கவிஞனும் ஒரே கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். திருடனுக்கு ஊரெல்லாம் பேச்சு. கவிஞனைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிராஸ்மார்க்கெட்டுக்கு வந்தோம். கோட்டைக்கு அடியில் நீளமாகக் கிடக்கும் சந்தை மைதானம். 1784 வரை பொது இடத்தில் தூக்கிலிட்ட இடம். சுற்றிலும் பப்புகள். அங்கே ஒரு பப்புக்கு மேகி டிக்சன் என்ற பெண்ணின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயர் நிலைத்தது நல்லதுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதை யாராவது முழுசாகச் சொல்கிறார்களா? தூக்குப் போட்டும் சாகாத பெண், சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள் என்று சொன்னதும் கூட்டம் சிரித்தது, கிளாஸைத் தூக்கியது. கதை அதோடு தீர்ந்தது.

அவள் எதற்காகத் தூக்குமேடை ஏறினாள்? மஸ்ஸல்பரோவைச் சேர்ந்த ஏழைப் பெண். கணவன் உடன் இல்லாத காலத்தில் கருவுற்றதை வெளியே சொல்லாமல் மறைத்தாள். குழந்தை செத்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1690-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஒரு பெண் கருவை மறைத்து, பிரசவத்துக்கு யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் இருந்து, பிள்ளை இறந்தோ காணாமலோ போனால் அவளே கொன்றாள் என்று வைத்துக்கொள்வார்கள். கொன்றதை நிரூபிக்கவே வேண்டாம். அந்தச் சட்டத்தில்தான் 1724 செப்டம்பர் 2-ஆம் தேதி மேகியைத் தொங்கவிட்டார்கள். உடலை ஊருக்கு எடுத்துப்போகும் வழியில் உறவினர்கள் குடிக்க நின்றபோது பெட்டிக்குள் அசைவு கேட்டது. பிழைத்தாள், பல வருடம் வாழ்ந்தாள். அவளைப்போல அதே சட்டத்தில் மாட்டி, பிழைக்காமல் போன பெண்கள் எத்தனையோ பேர். 1809-இல்தான் அந்த மரண தண்டனை நீங்கியது. வேலைக்குப் போன இடத்தில் கர்ப்பமாகி, மானத்துக்கும் பிழைப்புக்கும் பயந்து வாயை மூடிக்கொண்ட பெண்களைக் கொல்லவென்றே ஒரு நாடு சட்டம் வைத்திருந்தது. இதைச் சொன்னால் அந்தக் கூட்டம் சிரித்திருக்குமா? என் பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தியாவது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கேட்டிருப்பாள்.

அடுத்தது பர்க், ஹேர். இந்த இரண்டு பெயரைச் சொல்லாமல் எடின்பரோவில் எந்த இரவு உலாவும் முடியாது. கிராஸ்மார்க்கெட்டின் மேற்கே வெஸ்ட் போர்ட் என்ற பகுதி. அங்கே ஒரு மலிவான தங்கும் விடுதி. 1827 நவம்பரில் வாடகை பாக்கி 4 பவுண்டோடு செத்துப்போன ஒரு முதியவரின் உடலை, பாக்கியைத் தேற்றுவதற்காக ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியரிடம் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ருசி கண்டுவிட்டார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஊர் மருத்துவப் படிப்புக்குப் பேர்போனது, மாணவர் கூட்டம் அலைமோதியது. அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்ததோ தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்கள் மாதிரி ஒரு சில. தேவைக்கும் வரத்துக்கும் நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்தை நிரப்பியது ஏழைகளின் உடல்.

கைடு இதில் பாதியைச் சொன்னார். மூச்சை அடைத்துக் கொன்ற விதத்தைத் தன் கையால் நடித்தே காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, அவர் முகத்தருகே கையைக் கொண்டுபோனார். எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். முடிந்து நகர்ந்தபோது நான் அவர் பக்கத்தில் போய், “செத்துப்போன பதினாறு பேரில் இரண்டு பேர் பெயரையாவது சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “பெயர்ப் பட்டியல் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் மேடம். எனக்குக் கொடுத்த வசனத்தில் அது இல்லை.” அண்ணன் மகள் என் கையைப் பிடித்து, “விடுங்க அத்தை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவர் சொல்லுவார்” என்றாள். அதுவும் சரிதான். அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவர்கள் மீதுதான்.

எல்லாப் பெயரும் கிடைக்கவில்லை, உண்மை. பதினாறு பேரில் சிலரை அவர்கள் பார்த்த வேலையை வைத்துத்தான் இன்று அடையாளம் சொல்ல முடிகிறது. கிடைத்திருக்கும் பெயர்களைச் சொல்ல என்ன கேடு? அபிகேல் சிம்ப்சன் என்ற வயதான பெண், கில்மெர்ட்டனிலிருந்து நகரத்துக்கு வந்து உப்பு விற்றவர். மேரி பேட்டர்சன், இளம்பெண். குப்பையில் எரியாத கரி பொறுக்கி விற்ற எஃபி. வெள்ளாவி வேலை பார்த்த திருமதி ஆஸ்ட்லர். மகனைத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் டாகர்ட்டி. தன் தாயாரும் டாகர்ட்டி குடும்பம்தான் என்று உறவு கொண்டாடித்தான் பர்க் அவரை வீட்டுக்கு அழைத்துப்போனான். 18 வயதான ஜேம்ஸ் வில்சனை ஊரே ஜேமி என்று அழைத்தது. புத்தி கொஞ்சம் மந்தம், கால் ஊனம், வெறுங்காலோடு தெருத்தெருவாகச் சுற்றி வருபவன். எல்லாருக்கும் பழக்கமானவன் என்பதால், மேஜையில் கிடந்த உடலை மாணவர்களே இது ஜேமி என்று கண்டுகொண்டார்கள். நாக்ஸ் மறுத்தார். தாய் அவனை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

இவர்களைவிட எனக்கு ஆறாதது ஜேம்ஸ் கிரே, ஆன் கிரே தம்பதியின் பெயர் விடுபட்டுப் போனதுதான். பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த ஏழைகள். வைக்கோல் பக்கம் போகவிடாமல் பர்க் விரட்டியதில் ஆன் கிரேக்குச் சந்தேகம். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புரட்டினால், மார்கரெட் டாகர்ட்டியின் உடல். வாயைத் திறக்காமல் இருந்தால் வாரம் 10 பவுண்டு தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள். அந்தக் காலத்தில், அந்த வறுமையில், வாரம் 10 பவுண்டு! வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே போலீசுக்குப் போனார்கள். அவர்கள் போயிருக்காவிட்டால் பதினேழாவது ஆள் உண்டு, பதினெட்டாவது ஆள் உண்டு. எடின்பரோவின் இரவுக் கதைகளில் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டிய பெயர் இது. நான் கேட்ட கதையில் அந்தத் தம்பதியே இல்லை.

ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1829 ஜனவரி 28-ஆம் தேதி பர்க் மட்டும் தொங்கினான். பார்க்க 25,000 பேர் வரை கூடினார்கள் என்கிறார்கள். சுற்றியிருந்த வீட்டு ஜன்னல்களை 5 ஷில்லிங்கிலிருந்து 20 ஷில்லிங் வரை வாடகைக்கு விட்டார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1832-இல் உடற்கூறுச் சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத உடல்களைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. ஏழை விடுதியில் செத்தவர்களின் உடல்தானே ஆளில்லாத உடல்? ஆகக் கொலை நின்றது, ஏழையின் உடல் மேஜைக்குப் போவது நிற்கவில்லை. கொலையை நடித்துக் காட்டுவதற்கு இருந்த நேரத்தில் பாதி போதும் இதைச் சொல்ல. இருநூறு வருடம் ஆகியும் நாம் அதே ஜன்னல் வாடகையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது.

கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கல்லறைகளின் மேல் இரும்புக் கூண்டு இருக்கிறது. தரையோடு பதித்த கனமான கம்பி வலை. மழையில் நனைந்து, துரு ஏறி, தொட்டால் விரல் சில்லிட்டுப் போகிறது. உள்ளே இருப்பது வெளியே வராமலிருக்கத்தான் இது என்று சொல்லிக் கைடு குரலைத் தாழ்த்தினார். பொய். வெளியே இருப்பவன் உள்ளே போகாமலிருக்கப் போட்டது. புதைத்த உடலை இரவோடு இரவாகத் தோண்டி எடுத்து விற்கிற கும்பல் இருந்த காலத்தில், காசுள்ள குடும்பங்கள் போட்ட பூட்டு அது. காசில்லாதவர்கள் உடல் அழுகி விலை போகாத நிலைக்கு வரும்வரை ராத்திரி ராத்திரியாகக் கல்லறையில் காவல் இருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு, அது அழுகட்டும் என்று குளிரில் காத்திருந்த தகப்பன்களைப் பற்றிச் சொன்னால் அதைவிடப் பயங்கரம் எந்தப் பேயிடம் இருக்கிறது? அவர் காலடியில் கிடந்த கதையை விட்டுவிட்டு ஓர் இரத்தக்காட்டேரியைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் என்ன?

அதே தோட்டத்தில் ஜார்ஜ் மெக்கன்சியின் கல்லறை. 1691-இல் செத்த அரசு வழக்கறிஞர். இப்போது ஊரிலேயே பிரபலமான பேய் இவர்தான். இவர் ஆவி கீறுகிறது, தள்ளிவிடுகிறது என்று 1990-களின் கடைசியிலிருந்து பேச்சு. இவர் யாரை வதைத்தார் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. அரசன் தங்கள் சபையை ஆள்வதை ஏற்காத பிரெஸ்பிட்டேரியன் மக்களைக் கவெனன்டர்கள் என்பார்கள். 1638-இல் அவர்களின் உடன்படிக்கை கையெழுத்தானதே இந்தக் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில்தான். 1679-இல் பாத்வெல் பிரிக் போரில் தோற்று, ஏறத்தாழ 1,200 பேர் கைதிகளாக இங்கே கொண்டுவரப்பட்டுத் தேவாலயத்தை ஒட்டிய வெட்டவெளியில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். கூரை கிடையாது. ஊரில் இரக்கப்பட்டவர்கள் கொடுத்ததும் அரசு போட்ட ரொட்டியும்தான் சாப்பாடு. கடைசிவரை பணியாமல் மிஞ்சியவர்களில் 250-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கக் காலனிகளில் வேலைக்கு விற்க ‘கிரௌன் ஆஃப் லண்டன்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். டிசம்பரில் ஆர்க்னி தீவருகே கப்பல் உடைந்தது. கீழ்த்தளத்தில் அடைபட்டிருந்த கைதிகளில் 200-க்கும் மேற்பட்டோர் மூழ்கிப்போனார்கள். இதுவும் அந்த இடத்தில் சொல்லப்படவில்லை. வதைத்தவர் ஆவியாக வந்து கீறுகிறார் என்பதற்காக மக்கள் சிலிர்க்கிறார்கள். வதைபட்டவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

கோட்டை வாசலில் சுவரோடு பதித்த சின்னஞ்சிறு நீரூற்று ஒன்று இருக்கிறது, சூனியக்காரிகளின் கிணறு என்பார்கள். பேட்ரிக் கெடஸ் சொல்லி, ஜான் டங்கன் 1894-இல் வடிவமைத்தது. இந்தக் கெடஸ்தான் பிற்காலத்தில் மதராஸ் மாகாணத்துக்கு வந்து நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகர அமைப்பு பற்றி அறிக்கை எழுதியவர். பழைய நகரத்தில் இடிந்துகொண்டிருந்த வீடுகளை ஏழைகள் வாழத் தகுந்ததாகச் சீர்படுத்தப் பாடுபட்டவரும் அவரே. ஒரு கைடும் அவர் பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம். அந்தக் கிணற்றடியில் கூம்புத் தொப்பி வைத்த சூனியக்காரி நடிப்பு ஒன்று நடந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆக்னஸ் சாம்ப்சன் என்பவரை 1591 ஜனவரியில் இந்தக் கோட்டை மேட்டில்தான் கழுத்தை நெரித்து எரித்தார்கள். மருத்துவச்சி. பிரசவம் பார்த்தவர், நோயாளிகளுக்கு வேண்டுதல் செய்தவர். டென்மார்க்கிலிருந்து மணப்பெண்ணோடு திரும்பிய அரசன் ஆறாம் ஜேம்ஸின் கப்பலைப் புயல் அலைக்கழித்தது. அந்தப் புயலை வரவழைத்தது சூனியம் என்று சொல்லி, அரசனே முன்னின்று விசாரித்தான். 1563-லிருந்து 1736 வரை அமலில் இருந்த சூனியச் சட்டத்தின் கீழ் ஸ்காட்லாந்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 3,837 பேர் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதில் 100-க்கு 84 பேர் பெண்கள். 2022 மார்ச் 8-ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் இதற்கு மன்னிப்பே கேட்டார். ஒரு நாடு மன்னிப்புக் கேட்ட குற்றத்துக்கு, அது நடந்த இடத்திலேயே தொப்பி வைத்து ஆட்டம் போட மனம் எப்படி வருகிறது?

பொய்யும் சேர்கிறது. நகரசபைக் கட்டடத்துக்கு அடியில் புதைந்திருக்கும் மேரி கிங்ஸ் குளோஸைக் காட்டி, 1645 கொள்ளைநோயின்போது உள்ளே ஆட்களை வைத்துச் சுவர் எழுப்பிக் கொன்றார்கள் என்றார்கள். நடக்காத காரியம். அன்றைக்கு நகரசபை நோய்க்கென்று வைத்தியரை நியமித்தது, அடைபட்ட வீடுகளுக்கு உணவு கொடுத்தது, நோயாளிகளை ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கவைத்தது. அந்தச் சந்தின் மேல்மாடிகளை இடித்து, மேலே புதிய கட்டடம் எழுப்பியது 1753-க்குப் பிறகு. நகரசபை எளிய மனிதர்களுக்குச் செய்த உதவியைச் சொல்லாமல், செய்யாத கொலையை அதன் தலையில் கட்டுவது அநியாயம்.

அந்தச் சந்துகளில் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்பதையாவது இவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டாமா? ஒரு சந்தில், இரவில் சத்தம் போடாதீர்கள் என்று யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் அடியிலேயே நிறுத்தி எல்லாரையும் ஒரே குரலில் அலறச் சொன்னார்கள். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஒரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ஜனங்கள் விடுமுறைக்கு வருகிறார்கள், ஜாலியாக இருக்க வருகிறார்கள், பாடம் கேட்க அல்ல என்று சொல்வார்கள். பேய் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது, நாலு பேர் பிழைப்புப் போகும் என்பார்கள். பேய்க் கதை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்தப் பழைய ஊரிலும் பேய்க் கதை உண்டு, அதைக் கேட்கும் ஆசையும் மனிதருக்கு உண்டு. பேயாகச் சொல்லப்படுகிறவர் மனிதராக இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறேன். விறுவிறுப்புக்குக் குறைவா? வாரம் 10 பவுண்டை உதறிவிட்டு இருட்டில் போலீசைத் தேடிப் போன ஆன் கிரேயின் நடையில் இல்லாத விறுவிறுப்பா? எடின்பரோவில் நல்ல கைடுகளும் இருக்கிறார்கள். சின்னக் கூட்டத்தை அழைத்துப்போய், ஆதாரத்தோடு, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறவர்கள். அவர்களிடமும் ஆட்கள் போகிறார்கள், காசு கொடுக்கிறார்கள். ஆகவே விற்காது என்ற சாக்கு எடுபடாது.

இந்த உலாக்களை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய காரியம் இல்லை. கூட்டத்தைப் பதினைந்து பேரோடு நிறுத்துங்கள். கதையைக் காதில் விழுகிற இடத்தில் சொல்லுங்கள், குடியைக் கதைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் கிளாஸோடு யாரையும் விடாதீர்கள். கட்டுக்கதை என்றால் கட்டுக்கதை என்றே சொல்லுங்கள். குடியிருப்புச் சந்தில் அலறாதீர்கள். கைடுகளுக்கு வசனம் எழுதும்போது, ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே செத்த ஒருவரின் பெயரையும் அவர் பிழைப்பையும் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். இதற்குச் சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் ஆகாது.

டிக்கெட் வாங்குகிற நமக்கும் பொறுப்பு இருக்கிறது. கொன்றவன் கதை முடிந்ததும் கைதட்டிவிட்டு நகராமல், செத்தது யார் என்று கேட்போம். அன்றைக்கு அந்தத் தம்பிக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் பத்து ராத்திரி கேட்டால், பதினோராவது ராத்திரி அவர் படித்துவிட்டு வருவார். வசனம் எழுதுகிறவர்களும் மாற்றி எழுதுவார்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.